படத்தில் இருப்பவரின் ஒப்புதல் எங்கே?

2024 ஜூனில் போட்டோஷாப் பயன்படுத்துவோர் உலகெங்கும் கொதித்தார்கள். புதிய விதிமுறைகளை ஏற்றால்தான் மேற்கொண்டு வேலை செய்யலாம் என்றது அடோபி நிறுவனம். பயனரின் கோப்புகளை இயந்திரம் வழியாகவும் ஆட்களைக் கொண்டும் பார்க்கலாம் என்று அதில் ஒரு வரி இருந்தது. எதிர்ப்பு வலுத்தபின் நிறுவனம் விளக்கம் தந்தது: உங்கள் கணினியில் இருப்பதைச் சோதிப்பதில்லை, கிளவுடில் ஏற்றியதைத்தான் சோதிக்கிறோம், அதைக்கொண்டு எங்கள் செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சி தருவதில்லை. விதிமுறையும் திருத்தப்பட்டது.

அதே ஜூனில்தான் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. வரிசையாகக் கிடத்திய உடல்களும், மாரில் அடித்து அழுத பெண்களின் முகங்களும் கைபேசி கைபேசியாகப் பரவின. அந்தப் பெண்களிடம் 'ஏற்கிறேன்' என்ற பொத்தானை யாரும் நீட்டவில்லை. மென்பொருளை வைத்திருப்பவரின் தனியுரிமைக்கு உலகமே பேசியது. படத்தில் இருப்பவரின் தனியுரிமைக்கு யார் பேசுவது?

வன்கொடுமை நடந்த சேரிக்குப் போகும் எங்களுக்கு இது வெறும் கேள்வி அல்ல. எரிந்த குடிசை, அடிபட்ட முதுகு, வாக்குமூலம் தரும் பெண் ஆகிய படங்கள்தான் மனுவுக்கு வலு. அதே படம் குற்றவாளியின் கைக்குப் போனால் சாட்சியின் வீட்டுக் கதவு தட்டப்படும். மிரட்டலுக்குப் பின் பிறழ் சாட்சியானவர்களை நாம் அறிவோம். கல்வராயன் மலையில் சில வீடுகளே உள்ள ஊர்கள் உண்டு. அங்கே முகத்தை மட்டும் மறைத்துப் பயனில்லை. கைபேசி படத்துக்குள் எழுதிவைக்கும் ஜிபிஎஸ் குறிப்பு வாசல்வரை கூட்டிப்போய் விட்டுவிடும்.

நாங்கள் பயன்படுத்துவது ஜிம்ப். 1995இல் அமெரிக்காவில் இரண்டு மாணவர்கள் தொடங்கிய கட்டற்ற மென்பொருள். கணக்குத் தொடங்கச் சொல்லாது, படத்தைத் தன் சர்வருக்கு அனுப்பாது. புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று இணையத்தில் பார்க்கும், அதையும் நிறுத்திவிடலாம். சிக்னல் இல்லாத மலையூரிலும் வேலை செய்யும்.

ஆனால் வெளியே போகாது என்பதாலேயே பத்திரம் என்று ஆகாது. கோப்புக்குள் தங்குவதும் ஆபத்துதான். முகத்தின் மேல் கறுப்புக் கட்டம் தனி லேயராக இருந்தால், எக்ஸ்சிஎஃப் கோப்பை வாங்குபவர் ஒரு சொடுக்கில் அதை நீக்கிவிடுவார். கிராப் செய்த ஓரமும், அழிக்கச் சொல்லாவிட்டால், அதற்குள் ஒளிந்திருக்கலாம். எனவே லேயர்களை ஒன்றாக்கி, ஜேபெக் ஆக ஏற்றுமதி செய்து, அப்போது எக்ஸிஃப், எக்ஸ்எம்பி, சிறுபடம் மூன்றின் டிக்கையும் எடுத்துவிடுகிறோம். மங்கலாக்குவதை நம்புவதில்லை, முழுக் கறுப்புதான். 2023இல் கூகுள் பிக்சல் கைபேசியிலும் விண்டோஸ் ஸ்னிப்பிங் டூலிலும் வெட்டியெறிந்த பகுதியை மீட்க வழிசெய்த ஓட்டை வெளிப்பட்டதை மறக்கக் கூடாது. பிரவுசிங் சென்டர் கணினியில் இந்த வேலையே வேண்டாம். 'அண்மையில் திறந்தவை' பட்டியல் அடுத்து உட்காருபவருக்கு எல்லாம் சொல்லும்.

மூலப்படத்தை மட்டும் தொடுவதில்லை. மின்னணுச் சான்றுக்கு பாரதிய சாக்ஷிய அதினியம் 63ஆம் பிரிவு சான்றிதழும் ஹாஷ் மதிப்பும் கேட்கிறது. திருத்தம் எல்லாம் நகலில்தான்.

2015 திருத்தம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் சேர்த்த 15ஏ பிரிவு, சாட்சியின் பெயரையும் முகவரியையும் மறைத்துவைக்க உத்தரவிடும் அதிகாரத்தைச் சிறப்பு நீதிமன்றத்துக்குத் தருகிறது. நீதிமன்றம் மறைக்க வேண்டியதை நம் முகநூல் பதிவு காட்டிக்கொடுத்தால் சட்டத்தால் என்ன பயன்?

தோழர்களே, எந்த மென்பொருளும் செய்யாத வேலை ஒன்று நம்மிடம் இருக்கிறது. "அக்கா, இந்தப் படம் வழக்குக்கு மட்டுமா, வெளியிலும் போடலாமா?" என்று கேட்பது. 'வேண்டாம்' என்று சொன்னால், அந்தப் படம் எவ்வளவு வலுவானதாக இருந்தாலும் போடக் கூடாது. நிலமும் கூலியும் பறிக்கப்பட்டவரிடமிருந்து அவர் முகத்தையும் நாம் பறிக்கலாகாது.