கோதை சொன்ன கல்யாணக் கோலம்

வைணவ இல்லத் திருமணங்களில் சீர் பாடல் என்றொரு மங்கல நிகழ்ச்சி உண்டு. மணமக்கள் முன்னிலையில் தேங்காய் உருட்டியபடியே பெரியோர் 'வாரணம் ஆயிரம்' பாசுரங்களைச் சேவிப்பார்கள். ஆண்டாள் அருளிய நாச்சியார் திருமொழியில் ஆறாவது திருமொழி அது. கேட்பவர் பலருக்கு அது மணமக்களுக்கான வாழ்த்தாகவே தோன்றும். உண்மையில் அது ஒரு மணப்பெண், நடந்த கல்யாணத்தை நினைவுகூர்ந்து தன் தோழியிடம் சொல்லும் வரலாறு. கனவில் நடந்த கல்யாணம்தான். ஆயினும் விழித்த பின்னும் ஒரு சிறு பொருளைக்கூட அவள் மறக்கவில்லை.

ஆயிரம் யானைகள் சூழ நாரணன் வருகிறான். அவன் வரும் வழியெல்லாம் பொன்மயமான பூரண கும்பங்கள். திரும்பிய பக்கமெல்லாம் தோரணங்கள். பாளையோடு கூடிய பாக்கு மரங்கள் கட்டிய பந்தல் ஒன்று. முத்துச் சரங்கள் வரிசையாகத் தொங்கும் பந்தல் இன்னொன்று. மத்தளமும் சங்கும் முழங்குகின்றன. பசிய நாணற்புல் பரப்பி, சமித்து இட்டு, அக்கினி வளர்க்கிறார்கள். முடிவில் குங்குமமும் குளிர்ந்த சந்தனமும் பூசி, யானைமேல் வீதிவலம் வந்து, மங்கல நீராட்டு.

ஆயிரம் யானையும் பொற்குடமும் முத்துப் பந்தலும் என்றால் இந்நாளைய வரவேற்பு மேடைகள் எம்மாத்திரம் என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. அலங்காரம் வேண்டாம் என்று கோதை எங்கும் சொல்லவில்லை. ஆனால் அவள் சொல்லும் முறையில் ஒரு நுட்பம் இருக்கிறது. தான் அணிந்த நகை எதையும் அவள் சொல்லவில்லை. விருந்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. சொல்வதெல்லாம் யார் வந்தார்கள், யார் என்ன செய்தார்கள் என்பதே. இந்திரனும் தேவர்களும் வந்திருந்து பெண் கேட்டார்கள். நாத்தனார் முறையில் அந்தரியாகிய துர்க்கை மணப்புடைவை உடுத்தி மாலை சூட்டினாள். அந்தணர்கள் நான்கு திசையிலிருந்தும் தீர்த்தம் கொணர்ந்து தெளித்துக் காப்புக் கட்டினார்கள். இளம்பெண்கள் தீபமும் கலசமும் ஏந்தி எதிர்கொண்டார்கள். அம்மி மிதிக்கும் வேளையில் எம்பெருமானே தன் திருக்கையால் அவள் பாதத்தைப் பற்றினான். ஒவ்வொரு மங்கலப் பொருளுக்குப் பின்னாலும் ஒரு கை தெரிகிறது.

திருவில்லிபுத்தூரில் 1971ஆம் ஆண்டு தை மாதத்தில் மணமான ஒரு மூதாட்டி, தம் கல்யாணத்தைச் சொல்வதும் ஏறக்குறைய இப்படித்தான். வீட்டு வாசலில் தென்னங்கீற்றுப் பந்தல். உள்ளே கூரை தெரியாமல் வெள்ளை வேட்டிகளைக் கட்டியிருந்தார்கள். குலை தள்ளிய வாழை இரண்டு, குருத்தோலைத் தோரணம், பாக்குக் குலைகள், திண்ணை வரை மாக்கோலமும் செம்மண் காவியும். மாலை வரவேற்புக்கு உயர்நிலைப் பள்ளியிலிருந்து இரண்டு நாற்காலிகள் இரவல் வந்தன. நாற்காலிக்குப் பின்னே வெறும் சுவர் தெரிகிறதே என்று சித்தி தம் கல்யாணப் பட்டுப் புடைவையை எடுத்து வந்து திரைபோல் கட்டினார். வாசலில் பன்னீர்ச் செம்பு, சந்தனப் பேலா, கற்கண்டுத் தட்டு. மின்சாரம் நின்றபோது யாரோ பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தூக்கி வந்தார்கள். அதைத் தூக்கி வந்தது எதிர்வீட்டுத் தாத்தா என்பதை ஐம்பது ஆண்டுக்கு மேலாகியும் அந்த அம்மாள் மறக்கவில்லை.

"அந்த வாழை மரம் யாராத்துக் கொல்லையிலேந்து வந்ததுன்னு இப்பவும் சொல்லுவேன்" என்பார் பெருமையாக. அந்நாளில் எடுத்த புகைப்படம் ஒன்றே ஒன்று. அதுவும் மங்கிவிட்டது.

அவருடைய பேத்திக்குச் சென்னையில் கல்யாணம் நடந்தது. வரவேற்பு மேடை அரண்மனை போல் இருந்தது. ஆர்க்கிட் மலர்களால் ஒரு சுவர், நேரத்துக்கொரு நிறம் மாறும் விளக்குகள், வாசல் முதல் மேடை வரை பூவளைவுகள். மணமக்கள் மூன்று மணி நேரத்துக்கு மேல் நின்றார்கள். பரிசுடன் வரிசையில் வந்தவர்கள் ஒரு நிமிடம் நின்று, படத்துக்கு முகம் காட்டி இறங்கினார்கள். இரவு பதினொரு மணிக்கு ஆட்கள் வந்து அந்தச் சுவரைப் பிரித்து லாரியில் ஏற்றிவிட்டார்கள். பெண்ணின் தந்தை வருங்கால வைப்பு நிதியிலிருந்து பணம் எடுத்திருந்தார். போதாததற்கு வங்கியில் கடன். அறுபது மாதத் தவணை. மகளிடம் அவர் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பெண் பாட்டியைப் பார்க்க வந்தாள். கைப்பேசியில் ஆயிரத்துக்கு மேல் படங்கள். ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டிக்கொண்டே வந்தாள். பாட்டி பொறுமையாகப் பார்த்துவிட்டு, "எல்லாம் ரொம்ப லட்சணமா இருக்குடி குழந்தே. உங்கப்பா எங்கே?" என்று மட்டும் கேட்டார்.

அவள் தேடினாள். காலைச் சடங்குப் படங்களில் தந்தை இருந்தார். மாலை வரவேற்புப் படங்களில் ஒரே ஒன்றில்தான் இருந்தார். அதிலும் மேடையின் ஓரத்தில், முகம் பாதி மறைய, அலங்காரம் செய்தவரிடம் ஏதோ சீட்டை நீட்டிக்கொண்டிருந்தார். மீதி நேரமெல்லாம் பந்தி விசாரிக்கவும், பாக்கித் தொகையைத் தீர்க்கவும், வண்டிக்குச் சொல்லவும் நடந்துகொண்டே இருந்திருக்கிறார். பெண் வெகுநேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடன் விவரத்தைப் பாட்டியிடமிருந்து அன்றுதான் அவள் அறிந்தாள்.

பாட்டி அவளைக் கடிந்துகொள்ளவில்லை. நாலாயிரத்தை எடுத்து வரச் சொல்லி, ஆறாம் திருமொழியைத் தாமே வாசித்துப் பொருள் சொன்னார். ஒன்பதாம் பாசுரத்தில் சற்று நிறுத்தினார். கோதையின் அண்ணன்மார் வந்து, அச்சுதன் கைமேல் அவள் கையை வைத்துப் பொரியை இடுவதாக வருகிறது. துளசி வனத்தில் பெரியாழ்வார் கண்டெடுத்த குழந்தை கோதை. அவளுக்கு ஏது அண்ணன்? ஆயினும் கனவில் அவள் அண்ணன்மாரை வரவழைத்தாள். உடன்பிறந்தார் கை படாமல் கல்யாணம் நிறைவதில்லை என்று அந்த உள்ளத்துக்குத் தோன்றியிருக்கிறது.

அந்த ஏக்கம் வீண்போகவில்லை என்பது வைணவப் பெரியோர் சொல்லும் வரலாறு. ஒன்பதாம் திருமொழியில், திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் சமர்ப்பிப்பதாக நேர்ந்துகொள்கிறாள் கோதை. பல காலம் கழித்து ஸ்ரீராமானுஜர் அந்த நேர்த்தியை நிறைவேற்றிவிட்டுத் திருவில்லிபுத்தூருக்கு எழுந்தருளியபோது, தங்கைக்காகச் செய்த அவரை ஆண்டாளே அண்ணனாக அழைத்தாள். 'கோயில் அண்ணன்' என்ற திருநாமம் அவருக்கு அப்படி வந்தது. தங்கை விரும்பியதைச் செய்து முடித்தவரே அண்ணன்.

இனித் தந்தையின் நிலை. பத்துப் பாசுரங்களில் விரியும் கல்யாணக் காட்சியில் பெரியாழ்வார் எங்கும் தென்படவில்லை. தேவர்கள் இருக்கிறார்கள், நாத்தனார் இருக்கிறாள், அண்ணன்மார் இருக்கிறார்கள். வளர்த்த தந்தை இல்லை. பலன் சொல்லும் பதினோராம் பாசுரத்தில்தான் அவர் வருகிறார். இக்கனவைச் சொன்னவள் யார் என்று கூற வேண்டிய இடத்தில், வேயர் குலம் புகழும் வில்லிபுத்தூர்த் தலைவரின் கோதை என்று தன்னை அறிவித்துக்கொள்கிறாள். காட்சிக்குள் நிற்காத தந்தை, மகளின் முகவரியாக நிற்கிறார். பாட்டி இதைச் சொல்லி முடித்தபோது பேத்தியின் கண்கள் நிறைந்திருந்தன. கடனில் பாதித் தவணையைத் தானும் கணவருமாகக் கட்டுவதென்று அவள் தீர்மானித்தாள். தந்தை ஒப்புக்கொள்ள ஒரு மாதம் ஆயிற்று.

கல்யாணத்துக்கு நாள் குறித்திருக்கும் இல்லங்களில் இன்று மேடை அலங்காரத்தைப் பற்றித்தான் முதல் பேச்சு. பிள்ளைகளின் ஆசையைத் தடுப்பது பெரியோருக்கு அழகன்று; தடுத்தாலும் நடக்காது. ஆனால் ஒன்றைக் கேட்டுப் பெறலாம். எத்தனை பெரிய மண்டபமானாலும் வாசல் மாவிலைத் தோரணத்தைப் பெண்ணின் மாமன் கட்டட்டும். கோலத்தை அத்தை போடட்டும். மாலை வரவேற்பில் அரை மணி நேரமாவது தாயும் தந்தையும் வேறு வேலையின்றி மணமக்கள் அருகில் நிற்கட்டும். அதற்குச் செலவு ஏதும் இல்லை.

திருவில்லிபுத்தூரில் ஆண்டுதோறும் பங்குனி உத்திரத்தன்று ஆண்டாளுக்கும் ரெங்கமன்னாருக்கும் திருக்கல்யாணம் நடக்கிறது. அவள் இடக்கையில் அமரும் கிளி பொன்னாலோ மணியாலோ ஆனதன்று. இலைகளாலும் பூக்களாலும், மாதுளம்பூ மூக்குடன், ஒவ்வொரு நாளும் புதிதாகச் செய்து சமர்ப்பிக்கிறார்கள். மறுநாள் அது வாடிவிடும். மீண்டும் ஒருவர் அமர்ந்து, இலை எடுத்து, கிளி செய்கிறார்.