ஹெட்டைக் கழற்றாமல் விலை சொல்வதில்லை

கூட்டரசு நெடுஞ்சாலையின் மாலை நெரிசலில் சூடேறி நின்றுபோன காடி, இழுவை லாரியில் கிள்ளானுக்கு வந்து இறங்கியதுமே கேள்வி வந்துவிடும்: "ஓவர்ஹால் பண்றதா, ஹாஃப் கட் இன்ஜின் வாங்கிப் போடுறதா அண்ணே?" மறுநாள் காலை ஷிப்டுக்குப் போக வேண்டியவருடைய அவசரம் அது. ஆனால் ஹெட்டைக் கழற்றாமல் நான் எந்த விலையும் சொல்வதில்லை.

வெப்பநிலை ஊசி ஏறியது தெரிந்த பிறகு எவ்வளவு தூரம் ஓட்டினார் என்பதை முதலில் கேட்பேன். பத்து தீகாவில் ஏறியதைப் பார்த்து அங்கேயே நிறுத்தியிருந்தால் பெரும்பாலும் கேஸ்கெட்டோடு போகும். "வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்று காப்பார் வரை ஓட்டி வந்திருந்தால் கதையே வேறு. ஆயில் தே தாரேக் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அந்த ஆயிலில் ஓடிய பேரிங்குகளையும் திறந்து பார்த்தாக வேண்டும்.

பழைய சாகா, விரா காடிகளின் மிட்சுபிஷி 4ஜி இன்ஜினில் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். போல்ட்டுகள் இறுக்கிப் பிடித்திருக்க, ஹெட் வளைகிறது. நேர்விளிம்புப் பட்டையை வைத்து அடியில் ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்ப்போம். பல ஹெட்டுகளுக்கு 0.05 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. கொஞ்சம் கூடினால் சீவிச் சரிசெய்யலாம். சூட்டில் உலோகமே மென்மையாகிவிட்ட ஹெட்டைச் சீவி மாட்டினால் கொஞ்ச நாளில் திரும்பி வரும்.

சேதம் மேலோடு நின்றிருந்தால் யோசிக்க ஒன்றுமில்லை, பழுதுபார்ப்பதே சரி. கனெக்டிங் ராடு பிளாக்கைத் துளைத்து வெளியே வந்திருந்தாலும் யோசிக்க ஒன்றுமில்லை, மாற்ற வேண்டியதுதான். சிக்கலெல்லாம் நடுவில் இருப்பவற்றில்தான்: சிலிண்டரில் கீறல், பேரிங்கில் தேய்மானம், ஆனால் கிராங்க் பிழைத்திருக்கிறது. அங்கே எந்தக் காடி என்பதைப் பார்த்து முடிவு செய்கிறேன்.

2005இல் வந்த முதல் மைவியின் 1.3 இன்ஜின் டைஹட்சுவின் கே3-விஇ, 1298 சிசி. ஜப்பானில் டைஹட்சு பூனிலும் டொயோட்டா பாஸோவிலும் ஓடியது இதே இன்ஜின்தான். அங்கே புதுக் காடிக்கு மூன்று ஆண்டில் ஒரு சோதனை, பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. அந்தச் செலவுக்குப் பயந்தே நல்ல நிலையில் இருக்கும் பல காடிகளைக் கழித்துக்கட்டுகிறார்கள். முன்பாதியை மட்டும் வெட்டிக் கொள்கலனில் ஏற்றி அனுப்ப, அது ஹாஃப் கட்டாக இங்கே கடைக்கு வந்து சேர்கிறது. மைவிக்காரருக்கு அதனால் வழி உண்டு.

2008இல் வந்த சாகா பிஎல்எம்காரருக்கு அந்த வழி கிடையாது. அதில் இருப்பது கேம்ப்ரோ. 2004இல் ஜென்-2 காடியோடு அறிமுகமான, புரோட்டோனின் சொந்த இன்ஜின். ஜப்பானில் அதைத் தேடிப் பயனில்லை. கிடைப்பது இங்கேயே விபத்தில் சிக்கிய காடியிலிருந்து எடுத்தது. அதுவும் இதே வெயிலில், இதே நெரிசலில், பல நேரம் கூலண்டுக்குப் பதில் குழாய்த் தண்ணீரிலேயே ஓடியது. அதை வாங்குவதைவிட, உள்ளே என்ன இருக்கிறதென்று நான் கண்ணால் பார்த்துவிட்ட இன்ஜினையே கட்டுவது மேல் என்பது என் கட்சி. எல்லாப் போமன்களும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

கட்டுவதென்றால் முழுதாகக் கட்ட வேண்டும். "ரிங் மட்டும் போட்டுக் குடுங்க" என்பவர்கள் உண்டு. ஓடித் தேய்ந்த சிலிண்டர் வட்டம் இழந்திருக்கும். அதில் புது ரிங்கைப் போட்டால் ஒரு பக்கம் உரசும், மறுபக்கம் ஆயிலை விடும். போர் கேஜால் மேலும் கீழும், நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் அளக்க வேண்டும். அளவு தாண்டியிருந்தால் ரீபோர் செய்து 0.50 மில்லிமீட்டர் கூடுதல் பிஸ்டன் போடுவேன். இன்ஜினியரிங் கடையில் வரிசை இருக்கும், நாளாகும். அதுவரை அவர் வேலைக்கு எப்படிப் போவார் என்பதையும் சேர்த்தே பேசிவிடுவது என் வழக்கம். சில சமயம் அதுவே முடிவை மாற்றிவிடும்.

ஹாஃப் கட் வாங்கினாலும் வேலை குறைவதில்லை. ஆயில் மூடியைத் திறந்து கசடு பார்க்கணும், கிராங்கைக் கையால் சுற்றணும், கம்ப்ரஷன் அளந்து நான்கு சிலிண்டரும் ஒத்துப்போகிறதா பார்க்கணும். இப்போது வருபவையும் வயதானவைதாம், ரப்பர் இறுகியிருக்கும். கிராங்க் பின் சீல், வாட்டர் பம்ப் எல்லாம் இன்ஜின் வெளியே இருக்கும்போதே மாற்றிவிட வேண்டும். கியர்பாக்ஸோடு மாட்டிய பிறகு பின் சீல் கசிந்தால் மறுபடி இறக்கணும்.

ரசீதையும் சுங்கத் தாள்களையும் கடைக்காரரிடம் அன்றே வாங்கிவிடுங்கள். இன்ஜின் எண் மாறினால் சோதனைக்குக் கொண்டுபோய், ஜேபிஜேயில் பதிந்து, கெரானைத் திருத்த வேண்டும். விட்டுவிட்டால் விற்கும்போது எண் ஒத்துப்போகாமல் பெயர் மாற்றம் நின்றுவிடும்.

எந்த வழி எடுத்தாலும் முதல் இன்ஜின் ஏன் செத்தது என்று தெரியாமல் அடுத்ததைத் தொடங்க மாட்டேன். ரேடியேட்டர் அடைப்பா, விசிறி மோட்டார் சுற்றவில்லையா, தெர்மோஸ்டாட் திறக்கவில்லையா, மூடி அழுத்தம் பிடிக்கவில்லையா? அடைத்துக் கிடக்கும் ரேடியேட்டரோடேயே வேறு இன்ஜினை மாட்டிக் கொடுக்கச் சொல்பவரிடம் மட்டும், வேறு பட்டறை பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுகிறேன்.