காவிரிக்கு நடுவே ஒரு தீவு

வெளிநாட்டுக்காரர்கள் அடுப்பும் படுக்கையும் உள்ள வண்டியில் குடும்பத்தோடு தீவுகளைச் சுற்றுவார்கள். மார்டள்ளிக்காரர்களுக்கு ஒரு வாடகை வேன், ஜமக்காளம், தூக்குவாளி நிறையப் புளிசாதம் போதும். ஹனூர், கொள்ளேகால் தாண்டினால் சிவசமுத்திரம் வந்துவிடும்.

தமிழ் பேசும் ஊர் மார்டள்ளி. கத்தோலிக்கக் குடும்பங்கள் அதிகம். கொள்ளேகால் தாலுகா 1956 நவம்பர் 1 வரை சென்னை மாநிலத்தின் கோவை மாவட்டத்தில் இருந்தது. பிறகு மைசூர் மாவட்டம். 1997 முதல் சாம்ராஜ்நகர் மாவட்டம். ஜனங்கள் இடம்பெயரவில்லை, எல்லைதான் பெயர்ந்தது. 1991 டிசம்பரில் காவிரிக் கலவரம் கர்நாடகத் தமிழர்களை உலுக்கியபோது அந்த எல்லையின் கனம் தெரிந்தது.

சிவசமுத்திரத்தில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. மேற்குக் கிளை ககனசுக்கி, கிழக்குக் கிளை பரசுக்கி என்று அருவிகளாக விழுந்து, தீவைச் சுற்றிவந்து மீண்டும் ஒன்றாகிறது. ஸ்ரீரங்கப்பட்டணம் ஆதிரங்கம், ஸ்ரீரங்கம் அந்தியரங்கம் என்றால் இது மத்தியரங்கம். ரங்கநாதர் கோயிலும் தர்காவும் ஒரே தீவில் இருக்கின்றன.

இங்குள்ள நீர்மின் நிலையம் 1902இல் இயங்கத் தொடங்கியது. திவான் சேஷாத்ரி ஐயர் காலத்துத் திட்டம். முதல் மின்சாரம் போனது சுமார் 147 கி.மீ. தள்ளியிருந்த கோலார் தங்கவயலுக்கு. அங்கே சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். பெங்களூர்த் தெருவிளக்குகள் எரிந்தது அதற்குப் பிறகு, 1905இல்தான்.

அந்த மின்சாரத்துக்கு அருவி விலை கொடுக்கிறது. ஆற்று நீரைக் கால்வாயில் திருப்பிவிடுவதால் கோடையில் வருபவர்கள் வெறும் பாறையைப் பார்த்துத் திரும்ப வேண்டியிருக்கும். ஜூலை முதல் அக்டோபர் வரை போனால் ஏமாற்றமில்லை, ஆபத்தும் அப்போதுதான். கபினியிலும் கிருஷ்ணராஜ சாகரிலும் மதகுகளைத் திறந்தால் இங்கே ஆறு பொங்கும். 2018 வெள்ளத்தில் பழைய கல்பாலத்தின் ஒரு பகுதியே அடித்துப் போனது. குழந்தைகளோடு வருபவர்கள் ககனசுக்கியை எதிர்க்கரைப் பார்வை மேடையிலிருந்து ரசிப்பதே நல்லது. பாறைகளில் இறங்கிக் குளிக்கும் ஆசை வேண்டாம்.

கீழே தண்ணீர் ஒகேனக்கல்லுக்கும் மேட்டூருக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. எந்த மாநிலத்துக்கு எத்தனை டி.எம்.சி. என்ற வழக்கு அதற்குத் தெரியாது. இரு மாநிலங்களுக்கும் சொந்தக்காரர்களான மார்டள்ளிக்காரர்களுக்கு நன்றாகவே தெரியும்.