புகுந்த மாநிலத்தில் மூன்று நாள்

பணியின் பொருட்டுப் பெங்களூரில் குடியேறும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சனி, ஞாயிறோடு மற்றொரு நாளும் விடுமுறையாக அமைந்துவிட்டால், வெகு முன்னதாகவே சொந்த ஊருக்கு ரயிலில் இடம் பதிந்துவிடுவார்கள். ஊர்ப்பாசம் குறை சொல்லத்தக்கதன்று. ஆயினும், பத்தாண்டுகள் வாழ்ந்த பின்னும் வீடு, அலுவலகம், கடைவீதி தவிர அம்மாநிலத்தில் வேறொன்றும் அறியாதிருத்தல் முறைதானா? நம் பிள்ளைகளுக்கோ அது வளர்ந்த மண். பள்ளியில் கன்னடம் படிக்கிறார்கள். ஆண்டில் ஒரு விடுமுறையையேனும் அந்த மண்ணுக்கு ஒதுக்கலாமே!

எங்குச் செல்வது என்று கேட்போர்க்கு நான் கூறும் விடை ஒன்றுதான்: காவிரியின் வழியே செல்லுங்கள்.

குடகுநாட்டுத் தலைக்காவிரியில் தோன்றிக் கடலை நோக்கி வரும் காவிரியன்னை, வழியில் மூன்று தீவுகளை அணைத்துச் செல்கிறாள். மூன்றிலும் அரங்கன் பள்ளிகொண்டருள்கிறான். ஸ்ரீரங்கப்பட்டணம் ஆதிரங்கம், சிவனசமுத்திரம் மத்தியரங்கம், நம் திருவரங்கம் அந்தியரங்கம். முதலிரண்டும் கர்நாடகத்தில் உள்ளன. ஒரே பகற்பொழுதில் மூன்றையும் சேவிப்பது பெரும்பேறு என்று வண்டி பிடித்து விரைவோரும் உண்டு. முதியோரும் குழந்தைகளும் உடன்வரும் குடும்பத்துக்கு அது ஏற்றதன்று; அரங்கனைவிட நெடுஞ்சாலையைத்தான் மிகுதியாகச் சேவித்திருப்போம்!

முதல் நாள் விடியலிலேயே புறப்பட்டால், நடை சாத்தும் முன் ஸ்ரீரங்கப்பட்டணம் சேர்ந்துவிடலாம். பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் வழியில், மைசூருக்குச் சுமார் 15 கிலோமீட்டர் முன்பாகவே அமைந்துள்ளது இத்தீவூர். ஆதிசேடன்மீது அறிதுயில் கொள்ளும் பெருமாளின் திருவடியருகே காவிரித்தாய் வீற்றிருப்பது இத்தலத்தின் தனிச்சிறப்பு. பிற்பகலில் குழந்தைகளுக்காக அருகிலுள்ள ரங்கனதிட்டுப் பறவைகள் சரணாலயம். இரவுத் தங்கல் மைசூரில்.

இரண்டாம் நாள் முழுவதையும் மேல்கோட்டைக்கே வைத்துக்கொள்ளுங்கள். நம் ஆசாரியர்கள் போற்றிய திருநாராயணபுரம் இதுவே. சோழநாட்டில் இருக்கவியலாத நிலையில் காவிரிக்கரையை விட்டு அகன்ற உடையவர் ராமானுஜர், இப்பகுதியில் பன்னிரண்டு ஆண்டுகள் எழுந்தருளியிருந்தார் என்பது வைணவ மரபு. மண்ணில் மறைந்துகிடந்த திருநாராயணரை வெளிப்படுத்தி, ஆலயம் கண்டு, உற்சவரைச் 'செல்வப்பிள்ளை' என்று மகவாகக் கொஞ்சியவர் அவர். மீண்டும் திருவரங்கம் புறப்பட்டபோது பிரிவாற்றாமல் கலங்கிய அடியார்களுக்காக அமைந்த அவருடைய திருமேனியே இங்குள்ள 'தமர் உகந்த திருமேனி'. வேற்றூரிலிருந்து வந்தவரை ஓர் ஊர் எவ்வளவு தன்னவராக்கிக்கொண்டது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

என் மாமியார் திருவரங்கத்திலேயே வாழ்ந்தவர். மாமனார் மறைந்தபின் எங்களோடு பெங்களூர் வந்தார். குறையென்று ஒரு சொல் கூறியதில்லை; ஆனால் பேச்சே குறைந்துபோயிற்று. மேல்கோட்டைச் சந்நிதியில் திவ்யப்பிரபந்தம் ஓதும் குரல் கேட்டதும், "இங்கேயும் நம்ம பாசுரந்தானா?" என்று வியந்து நின்றார். இவ்வூர் வைணவக் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வெளியில் கன்னடமும் வீட்டில் தங்களுக்கே உரிய ஒரு தமிழும் பேசி வருபவை. பிராகாரத்தில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் அத்தமிழில் ஊர் விசாரித்தார். திருவரங்கம் என்றதும், "எங்க உடையவரும் அங்கேயிருந்துதானே வந்தார்!" என்று கையைப் பற்றிக்கொண்டார். அதன்பின் இருவரையும் பிரித்து அழைத்துவர ஒரு மணி நேரமாயிற்று.

மலைமேல் யோகநரசிம்மர் சந்நிதிக்குப் படிகள் பல. முழங்கால் வலியுள்ளோர் கீழே கல்யாணித் தீர்த்தக் கரையிலிருந்தே கைகூப்பலாம். வெயில் ஏறும் முன் ஏறிவிடுதல் நலம். பங்குனியில் செல்வப்பிள்ளை வைரமுடி சூடி எழுந்தருளும் சேவை உலகப்புகழ் பெற்றது; அன்றைய கூட்டத்தை எண்ணி முதியோரை அழைத்துச் செல்வதா என்று முடிவு செய்யுங்கள். ஊர்ப் புளியோதரையை மறவாதீர்கள்.

மூன்றாம் நாள் தலைக்காடு வழியாகத் திரும்பலாம். மணல் மூடிய ஊர் இது. சில ஆலயங்களுக்குப் படியிறங்கித்தான் செல்லவேண்டும். வைத்தியேசுவரர் முதலான பஞ்சலிங்கத் தலங்களோடு கீர்த்திநாராயணர் ஆலயமும் உண்டு. சோழரை வென்றதன் நினைவாக ஹொய்சள மன்னர் விஷ்ணுவர்த்தனர் 1117-இல் எழுப்பியது அது. தமிழராகிய நாம் சற்றே புன்னகைத்துவிட்டுச் சேவிக்கலாம்.

நிறைவாகச் சிவனசமுத்திரம். காவிரி இரு கிளையாகப் பிரிந்து ககனசுக்கி, பரசுக்கி என்னும் அருவிகளாக வீழ்கிறாள். 1902-ஆம் ஆண்டிலேயே இங்கு மின்சாரம் எடுத்துக் கோலார் தங்கவயலுக்கு அனுப்பினார்கள். அச்சுரங்கங்களில் உழைத்தோரில் மிகப் பலர் தமிழகத்திலிருந்து குடியேறியவர்களே. அருவியை முழுவேகத்தில் காண ஆடி, ஆவணி மாதங்கள் ஏற்றவை. எனினும் அப்போது பாறைகளின் அருகே குழந்தைகளை விடாதீர்கள். மத்தியரங்கனை ஜகன்மோகன ரங்கநாதர் என்பர், பெயருக்கேற்ற பேரெழில். பெரிய தலங்களின் நெரிசல் இங்கில்லை. நின்று நிதானமாகச் சேவிக்கலாம். பின்னர் மளவள்ளி, கனகபுரா வழியே புறப்பட்டால், இருட்டுமுன் பெரும்பகுதித் தொலைவைக் கடந்துவிடலாம்.