கண்ணில் எண்ணெய்

குத்துச்சண்டை வீரர் ஜெர்வான்ட்டா டேவிஸ் முழங்கால் ஊன்றும் காட்சியை இதுவரை இருபது தடவையாவது பார்த்திருப்பேன். 2025 மார்ச் 1, புரூக்ளின், பார்க்ளேஸ் சென்டர், ஒன்பதாவது ரவுண்டு. நமக்கு ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லி நேரம். எதிரே லமான்ட் ரோச். அவர் விட்டது இடிபோல் இறங்கிய குத்து ஒன்றும் இல்லை, சாதாரண ஜாப்தான். டேவிஸ் ஒரு கணம் யோசிப்பவர்போல் நின்றார். பிறகு தானாகவே ஒற்றை முழங்காலைத் தரையில் ஊன்றினார். எழுந்ததும் விறுவிறுவென்று தன் மூலைக்குப் போய்க் கயிற்றுக்கு வெளியே முகத்தை நீட்டினார். அங்கிருந்தவர் துண்டால் துடைத்துவிட்டார். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு மூக்கைத் துடைத்துவிடுகிற மாதிரி.

ரவுண்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே நடந்த கூத்து இது.

சண்டைக்குப் பிறகு டேவிஸ் காரணம் சொன்னார்: இரண்டு நாள் முன்னால் தலைமுடியைச் சீர்செய்துகொண்டாராம். அப்போது தடவிய பசை வியர்வையில் இளகிக் கண்ணுக்குள் இறங்கிவிட்டதாம். முப்பது சண்டையில் முப்பதும் ஜெயித்துவிட்டு வந்த ஆள், குத்துக்கு மண்டியிடவில்லை, தலை எண்ணெய்க்கு மண்டியிட்டார்! அடக்க முடியாமல் சிரித்தேன். கூடவே எரிச்சலும் வந்தது. குத்துச்சண்டையில் கபடி மாதிரி டைம் கேட்கிற வழக்கம் கிடையாது. எதிராளி அடித்த பிறகு முழங்கால் தரையைத் தொட்டால் வீழ்ச்சி. ரெஃபரி எண்ண வேண்டும். அன்றைக்கு ரெஃபரி ஸ்டீவ் வில்லிஸ் அதை வீழ்ச்சியாகக் கணக்கில் சேர்க்கவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்று நம் ஊரில் சொல்வார்கள். பார்க்க வேண்டியவர் கண்ணில் விட வேண்டியதைச் சண்டை போடுகிறவர் கண்ணில் விட்டுவிட்டார்கள்.

மதிப்பெண் தாள்களைப் படிப்பது எனக்கு ஒரு கெட்ட பழக்கம். ஜோசியர் கட்டம் பார்க்கிற மாதிரி பார்ப்பேன். ரவுண்டில் ஜெயித்தவருக்கு 10, தோற்றவருக்கு 9. பன்னிரண்டு ரவுண்டுக்கும் இரண்டு பேருடையதையும் கூட்டினால் 228 வர வேண்டும். ஒருவர் ஒருமுறை விழுந்திருந்தால் அந்த ரவுண்டு பெரும்பாலும் 10–8, கூட்டுத்தொகை 227. டேவிஸ் சண்டையில் இரண்டு ஜட்ஜுகள் 114–114 என்றார்கள், மூன்றாமவர் டேவிஸுக்கு 115–113. கூட்டிப் பாருங்கள், மூன்று தாளிலும் 228. யாருமே விழவில்லையாம்! ஆட்டம் டிரா. அந்த முழங்காலைக் கணக்கில் எடுத்திருந்தால் சமமாக நின்ற இரண்டு தாள்களும் ரோச் பக்கம் சாய்ந்திருக்கும். பட்டம் கை மாறியிருக்கும்.

இதற்கு நேர்மாறான ஒன்பதாம் ரவுண்டு ஒன்றும் உண்டு. 2024 மே மாதம், ரியாத். டைசன் ஃப்யூரியும் உசிக்கும். உசிக்கின் இடது கை ஒன்று சரியாக மாட்டியதும் ஃப்யூரி, ஆறடி ஒன்பது அங்குல உடம்பு, கல்யாணப் பந்தலில் கட்டு அவிழ்ந்த வாழைமரம் மாதிரி ஒரு கயிற்றிலிருந்து இன்னொரு கயிற்றுக்குச் சாய்ந்து சாய்ந்து போனார். விழவில்லை. ஆனால் ரெஃபரி மார்க் நெல்சன் நடுவில் புகுந்து எட்டு வரை எண்ணினார். கயிறு மட்டும் இல்லாவிட்டால் ஆள் தரையில்தான் என்றால் அதுவும் வீழ்ச்சிதான். விதி அப்படி. தாள்கள் 115–112, 114–113 என்று உசிக்குக்கும், 114–113 என்று ஃப்யூரிக்கும் வந்தன. எல்லாமே 227. அந்த ஒரு புள்ளி இல்லாவிட்டால் நடுத்தாள் 114–114 ஆகி, சண்டையே டிராவாகியிருக்கும். லெனாக்ஸ் லூயிஸுக்குப் பிறகு எல்லாப் பட்டமும் சேர்ந்த ஹெவிவெயிட் சாம்பியன் என்று அன்றைக்கு ஒருவரும் கிடைத்திருக்க மாட்டார். டிசம்பரில் மறுபடி மோதியபோது மூன்று ஜட்ஜுகளும் 116–112 என்று உசிக்குக்குக் கொடுத்துவிட்டதால் பேச்சுக்கு இடமில்லாமல் போனது.

ஆக, விழாதவரை எண்ணினார்கள், மண்டியிட்டவரை எண்ணவில்லை. நெல்சன் செய்தது சரி, வில்லிஸ் செய்தது தப்பு. என் தீர்ப்பை யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

கண் எரிச்சல் என்றதும் என் மாமா ஞாபகம் வந்துவிட்டது. 1980-ல் மெட்ராஸ் நேரு ஸ்டேடியத்தில் முகமது அலி, ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை போட்டபோது நேரில் பார்த்தவர். அதைப் பற்றிக் கேட்டால் "கூட்டத்துல ஒண்ணும் சரியாத் தெரியலடே" என்று முடித்துக்கொள்வார். அவர் பார்க்காத 1964 மியாமி பீச் சண்டையைத்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடித்துக் காட்டுவார். பின்னால் அலி ஆன காஸியஸ் கிளேக்கு அப்போது இருபத்திரண்டு வயது. சோனி லிஸ்டன் என்றால் ஊரே நடுங்கும். பந்தயக்காரர்கள் ஏழுக்கு ஒன்று என்று லிஸ்டன் பக்கம். நாலாவது ரவுண்டு முடிந்து மூலைக்கு வந்த கிளே, கண்ணைத் திறக்க முடியவில்லை, கையுறையை அறுத்துவிடு என்று கத்துகிறார். லிஸ்டன் தோளில் தேய்த்த தைலமா, கன்னத்து வெட்டுக்குப் போட்ட மருந்தா, எதுவோ கண்ணுக்குள் போய்விட்டது. பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி சுண்டுவிரலைக் கிளேயின் கண்ணோரத்தில் வைத்து, அதே விரலைத் தன் கண்ணில் வைத்துப் பார்த்தாராம். பொய் இல்லை, எரிகிறது. ஸ்பாஞ்சால் கழுவினார், மணி அடித்ததும் முதுகில் கை வைத்து உள்ளே தள்ளிவிட்டார். ஓடு என்பதைத் தவிர சொல்ல வேறென்ன இருக்கிறது?

மாமா இந்த இடத்தில் டண்டியாக மாறி என்னைத் தள்ளுவார். நான் கண்ணை மூடிக்கொண்டு, இடது கையை நீட்டிக்கொண்டு, கூடத்தைச் சுற்றி ஓட வேண்டும். கிளே அந்த ஐந்தாவது ரவுண்டை அப்படித்தான் ஓட்டினார்: பாதிக் குருடாக, நீட்டிய கையால் லிஸ்டனின் முகத்தைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு. ரவுண்டு முடிவதற்குள் பார்வை தெளிந்தது. ஆறாவதில் வெளுத்து வாங்கினார். ஏழாவதற்கு மணி அடித்தபோது லிஸ்டன் ஸ்டூலை விட்டு எழவில்லை. தோள்வலி என்றார்கள். தூணில் முட்டிக்கொண்ட என் நெற்றியை மாமா தேய்த்துவிடுவார்.

கண்ணை மூடிக்கொண்டு ஓடும் பயிற்சி எனக்கு அதற்கு முன்பே உண்டு. சனிக்கிழமை தோறும் ஆச்சி கையால் எண்ணெய்க் குளியல். உச்சந்தலையில் ஒரு கை நல்லெண்ணெயை அறைந்து, நெற்றி வழியாக வழிகிறவரை தேய்ப்பாள். அதுவே ஒரு ரவுண்டு. அப்புறம் சீயக்காய். என் தலையைத் தன் இரண்டு முழங்காலுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு, "கண்ண இறுக்கி மூடிக்கோல, தொறந்தா எரியும்னு சொன்னம்லா" என்பாள். திறக்காதே என்றால் திறக்கத்தான் தோன்றும். ஒரு நொடிதான். இமைக்குள் மணலும் மிளகாயும் ஒன்றாக விழுந்த மாதிரி இருக்கும். பக்கத்திலேயே இருக்கிற சொம்பு கைக்கு அகப்படாது. அப்படி ஒரு சனிக்கிழமை திமிறிக்கொண்டு வீசிய கை போய் ஆச்சியின் தாடையில் பட்டது. வாழ்க்கையில் நான் விட்ட ஒரே குத்து அதுதான். அவள் அசரவில்லை. பதிலுக்கு முதுகில் ஒன்று வைத்துவிட்டு, வெந்நீரை முகத்தில் அறைந்து ஊற்றினாள். துண்டு கேட்டேன். "முழுசாக் குளிச்சுட்டு வா, தாரேன்" என்றாள்.

அதனால்தான் டேவிஸ்மேல் எனக்குக் கோபம் என்று நினைக்கிறேன். நடுவில் துண்டை டண்டியும் தரவில்லை, ஆச்சியும் தரவில்லை. அவருக்கு மட்டும் கேட்ட உடனே துண்டு கிடைத்துவிட்டது.

நேற்று ராத்திரி இருபத்தோராவது தடவையாகப் போட்டு, முழங்கால் தரையைத் தொடும் இடத்தில் நிறுத்தி, ரோச்சின் கை அப்போது எங்கே இருக்கிறது என்று திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். பால் சொம்போடு கடந்து போன மனைவி நின்று பார்த்தாள்.

"யாரு இது, சாமி கும்பிடுதானா?"

கண்ணில் எண்ணெய் போய்விட்டது என்று சொன்னேன். விதி, 10–8, ரோச்சுக்கு நடந்த அநியாயம் எல்லாம் சொல்ல வாயைத் திறந்தேன்.

"பாவம்" என்றாள். "அத்தனை பேரு சுத்தி நிக்காங்க, மூஞ்சி கழுவ ஒரு சொம்புத் தண்ணி குடுக்க ஆளில்லையா?"