பர்லெஸ்க்: ஒரு சொல்லின் இரண்டு வாழ்க்கை



போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். அவள் மகள் கல்லூரியில் முதலாண்டு ஆங்கில இலக்கியம் படிக்கிறாள். பாடத்தில் 'பர்லெஸ்க்' என்று ஒரு சொல். அம்மா அதைக் கைபேசியில் தேடியிருக்கிறாள். வந்ததெல்லாம் இறகு விசிறியோடு அரைகுறை ஆடையில் ஆடும் பெண்களின் படங்கள். "இதையா டீச்சர் காலேஜ்ல சொல்லித் தர்றாங்க? வேற கோர்ஸுக்கு மாத்திரலாமான்னு இவங்கப்பா கேக்குறாரு" என்றாள். ஒரு சொல்லால் ஒரு பெண்ணின் படிப்பே திசைமாறப் பார்க்கிறது. அவளிடம் சொன்னதை, அந்த அப்பாவும் படிக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன். நான் ஆசிரியர் பயிற்சி மட்டும் முடித்தவள், இலக்கியப் பேராசிரியை அல்ல. ஆனால் அகராதி புரட்டுவது நெடுநாள் பழக்கம்.

இத்தாலிய மொழியில் 'புர்லா' என்றால் கேலி, விளையாட்டு. அதிலிருந்து பிறந்த சொல் பிரெஞ்சு வழியாக 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. சொல்லும் விஷயமும் சொல்லும் தோரணையும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் வைத்துச் சிரிக்க வைப்பதுதான் இலக்கியத்தில் பர்லெஸ்க்.

இதில் இரண்டு வகை. தொலைந்துபோன பென்சிலுக்காகக் குருக்ஷேத்திரப் போர் நடந்ததுபோல முழங்கினால் முதல் வகை. ராஜாவும் மந்திரியும் அரசவையில் குழாயடிச் சண்டை போட்டால் இரண்டாம் வகை.

முதல் வகைக்குப் பேர்போனவர் அலெக்சாண்டர் போப். ஒரு பிரபு ஓர் இளம்பெண்ணின் கூந்தல் சுருளைக் கேட்காமல் வெட்டிவிட்டார். இரு குடும்பங்களுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது. சிரிக்க வைத்துச் சேர்த்து வையுங்கள் என்று நண்பர் ஒருவர் கேட்க, போப் 1712இல் ஒரு காவியமே வெளியிட்டார். 1714இல் அதை விரித்தும் எழுதினார். அதில் அந்தப் பெண் அலங்காரம் செய்வது வீரன் கவசம் அணிவதுபோல இருக்கும். சீட்டாட்டம் போர்க்களமாகிவிடும். இரண்டாம் வகைக்கு பிரெஞ்சுக்காரர் ஸ்காரோன். வர்ஜிலின் பெருங்காவியத்தை 1648 முதல் தெருப்பேச்சு நடையில் கேலியாக எழுதினார்.

அப்படியானால் அந்த நடனப் படங்கள் எங்கிருந்து வந்தன?

19ஆம் நூற்றாண்டு லண்டனில் புகழ்பெற்ற நாடகங்களையும் இசை நாடகங்களையும் பாட்டும் சிலேடையுமாகக் கேலி செய்து மேடையேற்றினார்கள். அதற்கும் பர்லெஸ்க் என்றே பெயர். 1868இல் லிடியா தாம்சன் என்ற நடிகை தன் குழுவோடு நியூயார்க் போனார். பெண்கள் ஆண் வேடம் கட்டி, கால்சட்டையில் கால் தெரிய நடித்தார்கள். கணுக்கால் வரை பாவாடை கட்டிய காலம் அது. ஊரே பேசியது, கூட்டமும் குவிந்தது. அமெரிக்க மேடையில் நகைச்சுவையும் நடனமும் சேர்ந்து வளர்ந்தன. அபட், காஸ்டெல்லோ போன்ற சிரிப்பு நடிகர்கள் வளர்ந்த களம் அது. ஆனால் 20ஆம் நூற்றாண்டில் ஆடை களையும் ஆட்டமே முன்னுக்கு வந்தது. 1937இல் நியூயார்க் நகர நிர்வாகம் அந்த அரங்குகளின் உரிமத்தை நிறுத்தியது. பெயர்ப்பலகையில் அந்தச் சொல்லே இருக்கக்கூடாது என்றது. கைபேசி காட்டுவது இந்தப் பின்வாழ்க்கையை மட்டும்தான்.

நம் கரகாட்டத்தை நினைத்துப் பாருங்கள். தலையில் கரகம் அசையாமல் ஆடுவது எத்தனை ஆண்டுப் பயிற்சி! சில மேடைகளில் நடக்கும் கூத்தைப் பார்த்துவிட்டுக் கலையின் பெயரையே சொல்லக் கூசுகிறவர்கள் உண்டு.

தமிழில் எப்படிச் சொல்வது என்றும் அவள் கேட்டாள். குற்றத்தைச் சாடுவது அங்கதம். ஒரு நூலையோ நடையையோ அதுபோலவே செய்து காட்டிச் சிரிப்பது பகடி. இலக்கிய பர்லெஸ்குக்கு 'நையாண்டி' ஓரளவு பொருந்தும். போப் எழுதியதை 'நையாண்டிக் காவியம்' எனலாம். மேடை வடிவத்தை 'பர்லெஸ்க்' என்றே விட்டுவிடுவது நல்லது.

பெற்றோர்களே, பிள்ளையின் புத்தகத்தில் ஒரு சொல் உறுத்தினால், அது எந்த ஆண்டு, எந்த ஊர், யார் எழுதியது என்று முதலில் அவர்களிடமே கேளுங்கள். தேடுபொறி படம் காட்டும். அந்தச் சொல் அங்கே என்ன வேலை செய்கிறது என்பதைப் பிள்ளைதான் சொல்ல முடியும்.

பழைய மாணவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம்: உங்கள் வீட்டில் ரிமோட்டுக்காக நடக்கும் சண்டையைக் காவிய நடையில் நாலு வரி கீழே எழுதுங்கள். சிவப்பு மையில் திருத்த மாட்டேன்!