வைக்கோல் பிரியும் காய்த்த கைகளும்

கராத்தே வகுப்புக்கு வரும் பிள்ளைகள் மூன்றாம் மாதமே கேட்டுவிடுகிறார்கள்: "கையை எப்போ கெட்டியாக்குவோம்?" ஓடு உடைக்கும் காணொளிகளைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு வருவதன் விளைவு. சிலர் வீட்டுச் சுவரிலேயே குத்திப் பார்த்து, விரல் முட்டி வீங்கி வந்து நின்றார்கள். கடையில் விற்கும் பேடு வாங்க எங்களிடம் காசு இல்லை. அதனால் குத்துப்பலகையை நாங்களே செய்துகொண்டோம். விழுப்புரம் மாவட்டத்தில் எங்கள் மாலைநேரப் படிப்பு மையம் நடக்கும் காலனியில், மன்றத்துக்குப் பின்னால் அது இப்போது நிற்கிறது. செய்த விதத்தையும், அதையொட்டி எழுந்த ஒரு கேள்வியையும் மாணவத் தோழர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

ஜப்பானிய மொழியில் இதற்கு மகிவாரா என்று பெயர். சுற்றிய வைக்கோல் என்று பொருள். ஒகினாவாவில் மண்ணில் நட்ட பலகையின் தலைப்பில் வைக்கோல் கயிற்றைச் சுற்றி, அதில் குத்திப் பழகினார்கள். நாங்கள் இதைச் சொன்னதும் ஒரு மாணவியின் அம்மா சிரித்துவிட்டார். "பிரிதானே? இதுக்கா இத்தனை நாளு யோசிச்சீங்க?" நெற்கட்டு கட்டப் பிரி முறுக்கியே வளர்ந்த கை அவருடையது. கையால் அறுத்த வயலிலிருந்து நீள வைக்கோல் கொண்டுவந்து, தண்ணீர் தெளித்துப் பதமாக்கி, அரைமணி நேரத்தில் தேவையானதை முறுக்கித் தந்தார். கராத்தே மாஸ்டர் உட்பட எங்கள் யாருக்கும் அது வரவில்லை. எங்கள் பிரி கையை விட்டதும் பிரிந்துகொண்டது.

பலகைக்கு, இடித்த வீட்டிலிருந்து வந்த பழைய தேக்குச் சட்டம் ஒன்று கிடைத்தது. ஆறரை அடி நீளம். இரண்டரை அடி மண்ணுக்குள் போக, வெளியே நிற்கும் நான்கடி எங்கள் பிள்ளைகளின் நெஞ்சு மட்டத்துக்கு வரும். அடியில் 3 அங்குல கனம், மேலே போகப் போக இழைத்து, நுனியில் அரை அங்குலம். இந்தச் சரிவில்தான் எல்லாம் இருக்கிறது. குத்தினால் பலகை பின்னால் வளைந்து திரும்ப வேண்டும். வளையாத கம்பத்தில் குத்துவதும் சுவரில் குத்துவதும் ஒன்றுதான், அடி முழுவதும் மணிக்கட்டுக்கே திரும்பி வரும். புதைக்கும்போது பின்பக்கம் மண்மட்டத்தை ஒட்டி ஒரு கல், முன்பக்கம் குழியின் அடியில் ஒரு கல் வைக்க வேண்டும். இல்லையென்றால் ஒரே வாரத்தில் ஆட்டம் கண்டுவிடும்.

இன்னொன்று, சுவரில் மாட்டும் பை. பழைய ஜீன்ஸ் துணியை இரட்டையாக மடித்து, ஓரடிச் சதுரத்தில் தைத்தோம். சீனப் பயிற்சி முறைகளில் இப்படிப்பட்ட பையில் பச்சைப் பயறு நிரப்புவது வழக்கம். பயறு வாங்கலாமா என்று பேச்சு வந்தபோது பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி, "சுண்டல் பண்றதை எதுக்குக் குத்தணும்?" என்றாள். அதற்கு எங்களிடம் பதில் இல்லை. தெருவெல்லாம் சேர்த்த புளியங்கொட்டை பைக்குள் போனது. மணல் வேண்டாம், நாளாக நாளாக இறுகிப் பாறையாகிவிடும்.

கராத்தே என்பது ஆயுதம் பறிக்கப்பட்ட ஏழை விவசாயிகள் கண்டுபிடித்த கலை என்று பல வகுப்புகளில் சொல்லித்தருகிறார்கள். நம் பிள்ளைகளுக்கு அது பிடித்தும் போகிறது. ஆனால் பெயர் தெரிந்த பழைய ஆசான்களான மட்சுமுரா, இட்டோசு, ஃபுனாகோஷி போன்றவர்கள் அரசுப் பணியோடு தொடர்புடைய அந்தஸ்துள்ள குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். ஒகினாவா மக்கள் ஒடுக்கப்பட்டது உண்மை. 1609இல் சட்சுமா படையெடுத்தது, 1879இல் ஜப்பான் அந்த நாட்டையே இணைத்துக்கொண்டது, 1903இல் ஒசாகா கண்காட்சியில் ஒகினாவாப் பெண்களைக் காட்சிப்பொருளாக வைத்தார்கள். அதை எதிர்த்த ஒகினாவாப் பத்திரிகையோ, எங்களை ஐனு மக்களோடு சேர்த்து வைப்பதா என்றும் கோபப்பட்டது. அம்பேத்கரைப் படித்தவர்களுக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை. கற்பனை வரலாறு இல்லாமலே நாம் இந்தக் கலையைக் கற்றுக்கொள்ளலாம்.

பலகை நட்ட இரண்டாம் வாரம் ஒரு மாணவனின் அப்பா வந்தார். கட்டட வேலை செய்பவர். மகனின் விரல் முட்டி சிவந்திருப்பதைப் பார்த்திருக்கிறார். இரண்டு உள்ளங்கைகளையும் எங்கள் முன்னால் விரித்துக் காட்டினார். "எங்க கை காய்ச்சது போதாதா சார்? அவன் கை காய்க்கக் கூடாதுன்னுதானே படிக்க வைக்கிறேன்?"

சமூகவியலில் உடலையும் உழைப்பையும் பற்றி நிறைய படித்திருக்கிறோம். அந்தக் கைகளுக்கு முன்னால் அதில் எதையும் எடுத்துப் பேச மனம் வரவில்லை. கை காய்ப்பது பயிற்சியின் நோக்கமே இல்லை என்பதை மட்டும் சொன்னோம். மணிக்கட்டு நேராக நிற்கவும், ஆள்காட்டி விரல், நடுவிரல் முட்டிகள் இரண்டு மட்டும் படவும் பழகுவதுதான் முக்கியம். சுண்டுவிரல் பக்கம் பட்டால் அங்குள்ள எலும்பு எளிதில் முறியும். அவர் பொறுமையாகக் கேட்டார். அவருடைய கேள்விக்குப் பிறகுதான் விதிகளை எழுதி ஒட்டினோம். வாரம் மூன்று நாள், ஒரு கைக்கு 20 குத்து. தோல் உரிந்தால் ஆறும்வரை நிறுத்தம், பலகையின் மேல்துணியை உடனே மாற்ற வேண்டும். எலும்பு வளர்ச்சி முடியாததால் 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பலகை கிடையாது, பையில் உள்ளங்கையால் மெல்லத் தட்டலாம். தேர்வு மாதங்களில் யாரும் தொடக் கூடாது.

"இனிமே பஸ் ஸ்டாப்புல எவனாவது பேசட்டும்" என்று பையன்கள் சொல்லிக்கொண்டதும் எங்கள் காதில் விழுந்தது. கோபம் நியாயமானது. ஆனால் நாம் ஒரு குத்து விட்டால், வன்கொடுமை வழக்கில் புகார் கொடுக்க வேண்டியவர் எதிர்வழக்கில் குற்றவாளியாகிவிடுவார் என்பதைக் களத்தில் இருப்பவர்கள் அறிவார்கள். அதனால் மாதம் ஒரு வகுப்பைப் புகார் எழுதும் பயிற்சிக்கு ஒதுக்கியிருக்கிறோம். பலகையைவிட அதற்குக் கூட்டம் குறைவுதான்.

அந்த அப்பா போகும்போது பலகையை ஒருமுறை அசைத்துப் பார்த்தார். மறுநாள் வேலை முடிந்து வந்து, உடைந்த செங்கல் ஜல்லியைப் போட்டுக் குழியை இறுகக் கெட்டித்துக் கொடுத்தார். மகன் குத்துவதற்குச் சம்மதம் என்று அவர் இன்னும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. பையன் இப்போதைக்குப் பையோடு நிற்கிறான்.

மழையில் வைக்கோல் மக்கிவிட்டது. தை அறுவடைக்குப் பிறகு புதிதாகச் சுற்ற வேண்டும். அறுவடை இயந்திரம் நசுக்கிப்போடும் வைக்கோலில் பிரி முறுக்க முடியாது. உங்கள் பக்கம் கையால் அறுக்கிற வயல் இருந்தால் சொல்லுங்கள், வந்து எடுத்துக்கொள்கிறோம்.